கூட்டணிக் கணக்கு: யார் பங்கு எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

நட்பு நாடுகள் ராணுவச் செலவைப் பங்கிட்டுக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பல நாடுகள் நேட்டோ ராணுவக் கூட்டணிக்குப் பணம் பாக்கி வைத்திருப்பதாகச் செய்திகளில் அடிபடுகிறதே, யாருக்கு யார் பாக்கி?

பதில்: யாரும் யாருக்கும் பாக்கி இல்லை. இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒன்றாக்கிப் பேசுவதால் வரும் குழப்பம் இது.

முதல் கணக்கு நேட்டோவின் பொது நிதி. இதில் மூன்று பிரிவுகள். பிரஸ்ஸல்ஸ் தலைமையகத்தின் சம்பளமும் பராமரிப்பும் சிவில் பட்ஜெட். கூட்டுத் தளபதியகங்களை நடத்துவது ராணுவ பட்ஜெட். விமானத் தளம், எரிபொருள் கிடங்கு, தகவல் தொடர்பு வசதி ஆகியவற்றைக் கட்டுவது பாதுகாப்பு முதலீட்டுத் திட்டம். மூன்றும் சேர்ந்து 2025-ல் சுமார் 460 கோடி யூரோ. பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் 32 உறுப்பு நாடுகளின் மொத்த ராணுவச் செலவில் இது 0.3 சதவீதம்தான். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது நாடுகளின் தேசிய வருமானத்தை வைத்துச் சூத்திரப்படி முடிவாகிறது. 2020 வரை அமெரிக்காவின் பங்கு சுமார் 22 சதவீதம், ஜெர்மனியின் பங்கு 15-க்குச் சற்றுக் குறைவு. 2019 இறுதியில் பேசி முடித்து, 2021 முதல் இரண்டு நாடுகளும் ஒரே அளவு தருவதென்று ஆனது. 2025 வரை அது சுமார் 16 சதவீதம்.

இரண்டாவது கணக்குதான் சண்டைக்கெல்லாம் காரணம். ஒவ்வொரு நாடும் தன் ராணுவத்துக்குத் தன் கருவூலத்திலிருந்து செய்யும் செலவு அது. அந்தப் பணம் நேட்டோவுக்குப் போவதே இல்லை. ஒரு நாடு குறைவாகச் செலவழித்தால் அதன் ராணுவம் மெலிந்திருக்கும், அவ்வளவுதான். அதற்காக வேறொரு நாட்டின் கணக்கில் கடன் எழுதப்படுவதில்லை.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று உண்டு. கூட்டு நடவடிக்கைக்குப் படை அனுப்பும் நாடே அந்தப் படையின் எரிபொருள், சாப்பாடு, உதிரிபாகம், போக்குவரத்து எல்லாவற்றுக்கும் பணம் தர வேண்டும் என்பதே நேட்டோவில் பொது விதி. அனுப்பாத நாட்டுக்கு அந்தச் செலவு மிச்சம். முன்வருகிறவர் கையைக் கடிக்கும்படியும் ஒதுங்குகிறவர் பை நிறையும்படியும் அமைந்த ஏற்பாடு இது. சதவீதம் பற்றிய கூச்சலில் பாதியை இந்த விதியின் பக்கம் திருப்பினால் பயன் இருக்கும்.

கேள்வி: 2 சதவீதம் என்றார்கள், இப்போது 5 சதவீதம் என்கிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

பதில்: ராணுவச் செலவு ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 2 சதவீதம் இருக்க வேண்டும் என்ற பேச்சு 2006-லேயே பாதுகாப்பு அமைச்சர்கள் மட்டத்தில் எழுந்துவிட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2014-ல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்ததும் நிலைமை மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் வேல்ஸ் உச்சி மாநாட்டில் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்த வாசகத்தைக் கவனிக்க வேண்டும். 2 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாடுகள் பத்தாண்டுகளில் அந்த அளவை நோக்கி நகர முனைவார்கள் என்றுதான் இருந்தது. எட்டியே தீருவோம் என்று அதில் இல்லை. ராணுவச் செலவில் 20 சதவீதம் பெரிய தளவாடங்களுக்கும் அவை சார்ந்த ஆராய்ச்சிக்கும் போக வேண்டும் என்ற இரண்டாவது இலக்கும் உண்டு. முதல் இலக்கைவிட இது முக்கியமானது, பேசப்படுவதோ குறைவு.

2014-ல் 2 சதவீதத்தைத் தொட்டிருந்த நாடுகள் அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ் ஆகிய மூன்றுதான். 2023-ல் வில்னியஸ் மாநாடு, 2 சதவீதம் என்பது உச்சவரம்பல்ல, குறைந்தபட்சம் என்று மாற்றியது. 2025 ஜூனில் தி ஹேக் மாநாடு 2035-க்குள் 5 சதவீதம் என்றது. இதில் 3.5 சதவீதம் நேரடி ராணுவச் செலவு. 1.5 சதவீதம் வரை சாலை, துறைமுகம், இணையப் பாதுகாப்பு, ஆயுதத் தொழிற்சாலை போன்ற துணைச் செலவுகள். ஆண்டுதோறும் திட்டம் தர வேண்டும், 2029-ல் மறுஆய்வு. ஸ்பெயின் மட்டும் தனக்குத் தரப்பட்ட திறன் இலக்குகளை (எந்தப் படையும் தளவாடமும் வைத்திருக்க வேண்டும் என்ற பட்டியலை) 2.1 சதவீதத்திலேயே முடித்துவிட முடியும் என்று நின்றது. நேட்டோ பொதுச் செயலாளர் மார்க் ருட்டே அது போதாது என்றார். விவகாரம் அப்படியே நிற்கிறது.

கேள்வி: ராணுவச் செலவு என்று எதையெல்லாம் எழுதிக்கொள்ளலாம்? போலீஸ் செலவையும் சேர்க்கலாமா?

பதில்: நேட்டோவுக்கென்று ஒரு வரையறை இருக்கிறது. நாடுகள் தங்கள் நாடாளுமன்றத்தில் காட்டும் பாதுகாப்பு பட்ஜெட்டும் நேட்டோ வெளியிடும் எண்ணும் ஒத்துப்போகாததற்குக் காரணம் அதுதான்.

சேருபவை: சம்பளம், ஓய்வுபெற்ற வீரர்களுக்கும் அமைச்சகத்தின் சிவில் ஊழியர்களுக்குமான ஓய்வூதியம், தளவாடம், ஆராய்ச்சி, கட்டடம், பராமரிப்பு, அமைதிப்படைச் செலவு. இன்னொரு நாட்டின் பாதுகாப்புக்கென்று தரும் பணம் கொடுத்த நாட்டின் கணக்கில்தான் சேரும், வாங்கிய நாட்டின் கணக்கில் சேராது. இல்லையென்றால் ஒரே பணம் இரண்டு முறை எண்ணப்படும்.

சேராதவை: போர்ச் சேதத்துக்கான இழப்பீடு, குடிமக்கள் பாதுகாப்புச் சேவைகள்.

போலீஸ் விஷயத்தில் விதி கறாரானது. இத்தாலியின் கராபினியேரி போன்ற துணைப்படைகளை முழுசாகச் சேர்க்க முடியாது. ராணுவ முறையில் பயிற்சி பெற்று, ராணுவ ஆயுதம் தரித்து, ராணுவத் தளபதியின் நேரடிக் கட்டளையில், நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடிய நிலையில் இருக்கும் பகுதியின் செலவை மட்டும் எழுதலாம். கடலோரக் காவல், எல்லைக் காவல் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்.

விதிக்குள் நின்றுகொண்டே எண்ணை ஏற்றவும் முடியும். 2015-ல் பிரிட்டன் போர் ஓய்வூதியம், ஐ.நா. அமைதிப்படைப் பங்களிப்பு, உளவுச் செலவின் ஒரு பகுதி ஆகியவற்றைப் புதிதாகக் கணக்கில் கொண்டுவந்தது. 2 சதவீதக் கோட்டைத் தாண்டியே நின்றது. நேட்டோ விதிப்படி இது சரிதான். நாடாளுமன்றக் குழுவும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மாற்றத்தால் ஒரு துப்பாக்கிகூடக் கூடவில்லை.

இன்னொரு நுணுக்கம்: பணம் எந்த நிதியாண்டில் கைமாறுகிறதோ அந்த ஆண்டின் கணக்கில்தான் செலவு ஏறும். ஆர்டர் கொடுத்த ஆண்டு வேறு, பொருள் வந்துசேரும் ஆண்டு வேறு. ஜெர்மனி 2022 டிசம்பரில் 35 எஃப்-35 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. முதல் விமானம் வருவது 2026-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் முன்பணம் சதவீதத்தை உயர்த்திக் காட்டும். வானத்தில் பறப்பவை பழைய டொர்னாடோக்கள்தான்.

கேள்வி: 1.5 சதவீதத்தில் பாலம் கட்டுவதும் ராணுவச் செலவாம். வேடிக்கையாக இல்லையா?

பதில்: சில பாலங்கள் வேடிக்கை, சில பாலங்கள் உயிர்நாடி. சிசிலியை இத்தாலியின் பெருநிலத்தோடு இணைக்கும் மெஸ்ஸினா பாலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று 2025-ல் இத்தாலியில் பேச்சு எழுந்தபோது பலர் சிரித்தார்கள். சிரிக்க நியாயம் இருந்தது.

ஆனால் லெப்பர்டு-2 டாங்கியின் எடை 60 டன்னுக்கு மேல். அதை ஏற்றிச்செல்லும் டிரெய்லரையும் சேர்த்தால் 100 டன்னைத் தாண்டும். ஐரோப்பியச் சாலைகளில் நாடு கடந்து போகும் சரக்கு லாரிகளுக்குப் பொதுவான வரம்பு 40 டன். வழியில் ஒரே ஒரு பாலம் இந்தப் பாரத்தைத் தாங்காது என்றால் படைப்பிரிவு முழுவதும் சுற்றுவழியில் போக வேண்டும். ரயிலில் அனுப்பலாம் என்றால், போலந்தில் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியாவில் பழைய ரஷ்ய அளவான 1,520 மில்லிமீட்டர். எல்லையில் இறக்கி ஏற்ற வேண்டும். மூன்று பால்டிக் நாடுகளையும் போலந்தோடு இணைக்கும் ரயில் பால்டிகா பாதை இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஐரோப்பிய அகலத்தில் போடப்படுகிறது. அதை ராணுவச் செலவு என்று எழுதினால் எதிர்க்க வழியில்லை.

எனவே ஒரு திட்டம் உண்மையானதா, கணக்கை நிரப்ப வந்ததா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். படைகளின் நகர்வுத் திட்டத்தில் அந்த வழி இருக்கிறதா? கனரக ராணுவ வாகனத்துக்கான பாரத் தரத்தில் கட்டப்படுகிறதா? ராணுவத் தேவை இல்லாவிட்டாலும் இதே வடிவில், இதே ஆண்டில் கட்டியிருப்பார்களா? மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் அது சாலைத் துறையின் செலவு.

கேள்வி: ராணுவமே இல்லாத ஐஸ்லாந்து எப்படி நேட்டோவில்?

பதில்: 1949-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 12 நாடுகளில் அதுவும் ஒன்று. வட அட்லாண்டிக்கில் ரஷ்ய நீர்மூழ்கிகள் கடக்க வேண்டிய வாசலில் உட்கார்ந்திருக்கிறது. கெஃப்லவிக் தளம்தான் அது தரும் பங்கு. பொது நிதிக்கும் தன் அளவுக்குப் பணம் தருகிறது. 2006-ல் அமெரிக்கப் படை அங்கிருந்து கிளம்பிய பிறகு, 2008 முதல் நட்பு நாடுகள் முறைவைத்துப் போர் விமானங்களை அனுப்பி அதன் வான்பரப்பைக் கவனிக்கின்றன. நிலமே பங்காக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கேள்வி: ஜிடிபியில் எத்தனை சதவீதம் என்பது நியாயமான அளவுகோல்தானா? பட்டியலை நாங்களே பார்த்துப் புரிந்துகொள்ள வழி சொல்லுங்கள்.

பதில்: எளிதான அளவுகோல், அதனால் நிலைத்துவிட்டது. நியாயமானதா என்றால் பாதிதான்.

வகுக்கும் எண் ஆடினால் விடையும் ஆடும். 2020-ல் கொரோனாவால் பொருளாதாரங்கள் சுருங்கியபோது பல நாடுகளின் சதவீதம் தானாக ஏறியது. 2022-ல் எரிவாயு விலை எகிறி நார்வேயின் ஜிடிபி வீங்கியது. ராணுவத்துக்குக் கூடுதல் பணம் தந்தும் அதன் சதவீதம் இறங்கியது.

அடுத்து, எதற்குச் செலவு என்பதைச் சதவீதம் சொல்லாது. 2014-ல் பெல்ஜியத்தின் ராணுவச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போனது. தளவாடங்களுக்குப் போனது 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படிப்பட்ட ராணுவத்துக்கு இன்னும் அரை சதவீதம் ஒதுக்கினால் அதுவும் சம்பளப் பட்டியலிலேயே கரைய வாய்ப்பு அதிகம்.

கட்டாய ராணுவச் சேவை இருக்கும் நாடுகளின் செலவு குறைவாகத் தெரியும். பின்லாந்து போர்க்காலத்தில் 2,80,000 பேரைத் திரட்ட முடியும். சந்தைச் சம்பளம் கொடுத்து இத்தனை பேரை வைத்திருந்தால் அதன் பட்ஜெட் எங்கோ போயிருக்கும். இளைஞர்கள் கொடுக்கும் மாதங்கள் அந்தக் கணக்கில் பணமாக வருவதில்லை.

கடைசியாக, செலவழிப்பது வேறு, களத்துக்கு வருவது வேறு. ஆப்கானிஸ்தானில் டென்மார்க் 43 வீரர்களை இழந்தது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மிக அதிக உயிர்ப்பலி கொடுத்த நாடுகளில் அதுவும் ஒன்று. அப்போது அதன் ராணுவச் செலவு 2 சதவீதத்துக்கு வெகு கீழே. கிரீஸ் ஆண்டுதோறும் 2 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் துருக்கியை மனதில் வைத்துச் செய்த செலவு அது. ஆப்கானிஸ்தானில் கிரீஸ் சண்டைப் பொறுப்பு எதையும் ஏற்கவில்லை. சதவீதப் பட்டியலில் கிரீஸ் மாணவர் தலைவன், டென்மார்க் கடைசி பெஞ்ச்.

இனி பட்டியலைப் படிக்கும் முறை. நேட்டோ ஆண்டுதோறும் வெளியிடும் செலவு அறிக்கையில் கடைசி ஓரிரு ஆண்டுகளின் எண்கள் மதிப்பீடுகள். பக்கத்தில் அதற்கான குறி இருக்கும். பின்னால் அவை மாறும், சில சமயம் 2-க்கு மேல் இருந்தவர் கீழே வந்துவிடுவார். எனவே மதிப்பீட்டு ஆண்டை வைத்து யாரையும் பாராட்டவோ திட்டவோ வேண்டாம். டாலர் பத்தியைத் தவிர்த்துவிடுங்கள். நாணய மாற்று விகிதம் அதில் விளையாடும். நிலையான விலையில் தரப்பட்ட பத்தியைப் பார்த்தால்தான் விலைவாசி உயர்வு நீங்கிய உண்மையான வளர்ச்சி தெரியும். பிறகு ஆள்செலவுப் பங்கையும் தளவாடப் பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தளவாடப் பங்கு 20-க்கு மேலும் ஆள்செலவுப் பங்கு பாதிக்குக் கீழும் இருந்தால் அந்த நாட்டின் ராணுவம் புதுப்பிக்கப்படுகிறது என்று கொள்ளலாம். எந்தப் படை எங்கே நிற்கிறது, எத்தனை நாளில் கிளம்பும் என்பது இந்த அறிக்கையில் இருக்காது. நேட்டோ அதிகாரிகள் பணம், திறன், பங்களிப்பு என்று மூன்றைச் சொல்வார்கள். பட்டியலில் இருப்பது முதலாவது மட்டும்.

கேள்வி: நேட்டோ செலவில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவுடையது என்பது மெய்யா?

பதில்: எண் மெய். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ல் அமெரிக்காவின் ராணுவச் செலவு 99,700 கோடி டாலர். நேட்டோ நாடுகளின் மொத்தம் சுமார் 1,50,600 கோடி டாலர். ஆக 66 சதவீதம்.

ஆனால் அமெரிக்காவின் செலவு முழுவதும் ஐரோப்பாவைக் காக்கச் செய்யும் செலவல்ல. பசிபிக் கடற்படை, மேற்காசியத் தளங்கள், அணு ஆயுதங்கள், உள்நாட்டுத் தளங்கள் எல்லாம் அதில் அடக்கம். எஸ்டோனியாவின் செலவோ கிட்டத்தட்ட முழுவதும் ஐரோப்பாவின் ஒரு மூலையைக் காக்கத்தான். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

அமெரிக்காவின் உண்மையான கனம் பணத்தில் இல்லை, வேறு யாரிடமும் போதுமான அளவு இல்லாத பொருள்களில் இருக்கிறது. பறக்கும்போதே எரிபொருள் நிரப்பும் விமானங்கள், உளவுச் செயற்கைக்கோள்கள், கனரகச் சரக்கு விமானங்கள், எதிரியின் ரேடாரை முடக்கும் விமானங்கள். 2011-ல் லிபியாவில் இது வெட்டவெளிச்சமானது. குண்டுவீச்சில் பெரும்பகுதியை ஐரோப்பியர்களே செய்தார்கள். ஆனால் சில வாரங்களிலேயே சிலரிடம் துல்லியக் குண்டுகள் தீரத் தொடங்கின, வானில் எரிபொருள் நிரப்பும் வேலையின் பெரும்பகுதி அமெரிக்கா தலையில் விழுந்தது. அந்த ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸில் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார்.

கேள்வி: இலக்கை எட்டாத நாட்டை நேட்டோவிலிருந்து நீக்க முடியுமா?

பதில்: முடியாது. நீக்குவதற்கு ஒப்பந்தத்தில் விதியே இல்லை. 13-ம் பிரிவின்படி ஒரு நாடு தானாக ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதானது என்னும் 5-ம் பிரிவில் சதவீத நிபந்தனை கிடையாது. கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பிரிவு ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று தோன்றும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் சொல்கிறது. இதுவரை அது ஒரே ஒருமுறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவுக்காக அமலுக்கு வந்தது. செலவு பற்றிப் பேசுகிறவர்கள் உண்மையில் எடுத்துக்காட்ட வேண்டியது 3-ம் பிரிவை. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் திறனை ஒவ்வொரு நாடும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

கேள்வி: இந்தச் சண்டை டிரம்ப் வந்த பிறகுதானே பெரிதானது?

பதில்: குரல் பெரிதானது. சண்டை பழையது. 1961 முதல் மேற்கு ஜெர்மனி, தன் மண்ணில் இருக்கும் அமெரிக்கப் படைகளால் வெளியேறும் டாலருக்கு ஈடாக அமெரிக்க ஆயுதங்களை வாங்க ஒப்புக்கொண்டது. அந்தத் தொகையைக் கட்ட முடியாத நெருக்கடியும் 1966-ல் பிரதமர் எர்ஹார்டின் ஆட்சி கவிழ ஒரு காரணம். 1967-ல் ஜெர்மன் மத்திய வங்கியின் தலைவர் கார்ல் பிளெஸ்ஸிங் ஒரு கடிதம் எழுதினார். கையிருப்பு டாலரைக் கொடுத்து அமெரிக்காவிடம் தங்கம் கேட்க மாட்டோம் என்பது அதன் சாரம். ராணுவச் சுமைப் பகிர்வு நாணயக் கொள்கைவரை போன கதை இது.

1971-ல் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைகளைப் பாதியாக்கச் சொன்ன செனட்டர் மைக் மேன்ஸ்ஃபீல்டின் தீர்மானம் தோற்றது. 1978-ல் ராணுவச் செலவில், விலைவாசி உயர்வு நீங்கலாக, ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி என்று நேட்டோ இலக்கு வைத்தது. பெரும்பாலோர் தொடர்ந்து எட்டவில்லை. அதைக் காட்டி 1984-ல் செனட்டர் சாம் நன் படைக்குறைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். 55-க்கு 41 என்று தோற்றது. அந்த 41 வாக்குகள் ஐரோப்பாவைக் கொஞ்சம் விழிக்கவைத்தன.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு மன்கர் ஓல்சன், ரிச்சர்ட் செக்ஹாசர் என்னும் பொருளியலாளர்கள் 1966-லேயே விளக்கம் தந்தார்கள். பெரிய நாடு தன் சொந்த நலனுக்காகவே பெரும் பாதுகாப்பை உண்டாக்கிவிடும். அது கூட்டாளிகளுக்கும் இலவசமாகக் கிடைத்துவிடுவதால் சிறியவர்களுக்குக் கூடுதலாகச் செலவழிக்கத் தூண்டுதல் இல்லை. அணு ஆயுதத் தடுப்புக்கு இது அப்படியே பொருந்தும். எல்லையில் ஆள் நிறுத்தும் வேலைக்கு அவ்வளவு பொருந்தாது. ஒரு எல்லையில் நிற்கும் படையணி அதே நேரத்தில் இன்னொரு எல்லையில் நிற்க முடியாதே. ரஷ்யாவை ஒட்டியிருக்கும் போலந்தும் பால்டிக் நாடுகளும் யாரும் சொல்லாமலே முன்னணியில் செலவழிப்பதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: ஜப்பானும் தென்கொரியாவும் அமெரிக்கப் படைகளுக்குப் பணம் தருகிறார்களாமே. அது எப்படி நடக்கிறது?

பதில்: அங்கே இருதரப்புக் கணக்கு. படை தங்குமிடச் செலவில் எவ்வளவு யார் தருவது என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தனி ஒப்பந்தம் போடுவார்கள்.

தென்கொரியாவில் 1991-ல் தொடங்கியது. மூன்று தலைப்புகள்: தளங்களில் வேலை செய்யும் கொரிய ஊழியர்களின் சம்பளம், ராணுவக் கட்டடங்கள், தளவாடப் பராமரிப்பும் சேவைகளும். அமெரிக்க வீரர்களின் சம்பளம் இதில் வராது. கட்டடம், பராமரிப்பு இரண்டும் பெரும்பாலும் பணமாக இல்லாமல் வேலையாகவும் பொருளாகவும் தரப்படுகின்றன. அந்த ஒப்பந்தங்கள் கொரிய நிறுவனங்களுக்கே போவதால் பணத்தில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே சுழல்கிறது.

12-வது ஒப்பந்தம் 2024-ல் கையெழுத்தானது. 2026-ல் 1.52 லட்சம் கோடி வோன், முந்தைய ஆண்டைவிட 8.3 சதவீதம் கூடுதல். 2030 வரை செல்லும். இதில் தொகையைவிட முக்கியமானது ஆண்டு உயர்வுக்கான விதி. முந்தைய ஒப்பந்தத்தில் கொரியாவின் பாதுகாப்பு பட்ஜெட் எவ்வளவு ஏறுகிறதோ அதே வேகத்தில் இதுவும் ஏறும் என்று இருந்தது. தன் ராணுவத்தை வலுப்படுத்த அதிகம் செலவழித்தால் அமெரிக்காவுக்கும் அதிகம் தர வேண்டும் என்ற விசித்திரம். புதிய ஒப்பந்தத்தில் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்து, 5 சதவீத உச்சவரம்பும் போட்டுவிட்டார்கள். பேரம் பேசியவர்களைப் பாராட்டலாம்.

ஒப்பந்தம் தாமதமானால் முதலில் அடிபடுவது தள ஊழியர்கள்தான். 2019 இறுதியில் பழைய ஒப்பந்தம் காலாவதியாகி, புதியது முடிவாகாமல் இழுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் சுமார் 4,000 கொரிய ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். கொரிய அரசு தனிச் சட்டம் போட்டுத் தன் பணத்தில் அவர்களுக்கு உதவ வேண்டியிருந்தது.

இந்தத் தலைப்புகளுக்கு வெளியேயும் செலவு இருக்கிறது. பியோங்டேக்கில் கட்டப்பட்ட கேம்ப் ஹம்ஃப்ரீஸ் தளத்துக்குச் சுமார் 1,080 கோடி டாலர் ஆனது. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் தென்கொரியாவின் பணம். கொரியா கொஞ்சமாகத்தான் தருகிறது என்று வாதிடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. இலவசமாகத் தரப்பட்ட நிலத்தின் மதிப்பும் அவர்கள் கணக்கில் வராது.

ஜப்பானின் ஏற்பாடு 1978-ல் சிறிய தொகையோடு தொடங்கி, 1987 முதல் சிறப்பு ஒப்பந்தங்களாகத் தொடர்கிறது. 2022 முதல் 2026 நிதியாண்டு வரை ஐந்தாண்டுக்குச் சுமார் 1.05 லட்சம் கோடி யென், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 21,100 கோடி யென். இதற்கு வெளியே ஒகினாவா இருக்கிறது. ஜப்பான் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள அந்தத் தீவுகளில், அமெரிக்கப் படைகள் மட்டும் பயன்படுத்தும் இடங்களில் சுமார் 70 சதவீதம் அமைந்திருக்கிறது. நாடுகளுக்கிடையே சுமைப் பகிர்வு பேசுகிறவர்கள், ஒரு நாட்டுக்குள்ளேயே சுமை எப்படிப் பகிரப்படுகிறது என்பதைக் கேட்பதில்லை.

ஜப்பானின் சொந்த ராணுவச் செலவும் ஏறுகிறது. 1976-ல் தேசிய உற்பத்தியில் 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை என்று கோடு போட்ட நாடு, 2022 டிசம்பரில் ஐந்தாண்டுக்கு 43 லட்சம் கோடி யென் என்று அறிவித்தது. கணக்கின் பெரும்பகுதியில் டாலருக்கு 108 யென் என்று வைத்துக்கொண்டார்கள். யென் 150 பக்கம் சரிந்தது. அமெரிக்க ஏவுகணைகளை டாலரில் வாங்க வேண்டிய நாட்டுக்கு அதே யென்னில் கிடைக்கும் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

கேள்வி: இவ்வளவு பணம் ஒதுக்கியும் பீரங்கிக் குண்டுக்குத் தட்டுப்பாடு ஏன்?

பதில்: பணம் கொடுத்த மறுநாள் குண்டு வராது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய யூனியன், 12 மாதத்தில் உக்ரைனுக்கு 10 லட்சம் குண்டுகள் என்று வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது பாதியளவே போயிருந்தது. இரும்புக் கூட்டை வார்ப்பது பெரிய சிரமமில்லை. உள்ளே நிரப்பும் டிஎன்டியும், குண்டைத் தள்ளும் வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரோசெல்லுலோஸும்தான் முட்டுக்கட்டை. ஐரோப்பிய யூனியனில் டிஎன்டியைப் பெரிய அளவில் தயாரித்தது போலந்தின் பிட்கோஷ்ச் நகரத்தில் உள்ள ஒரே ஆலை. புது ஆலை போட அனுமதி, சுற்றுச்சூழல் ஆய்வு, கட்டுமானம் என்று ஆண்டுகள் ஆகும். பத்தாண்டுக்கு ஆர்டர் உறுதி இல்லாமல் எந்த முதலாளியும் அதில் இறங்கமாட்டார். ஒதுக்கீடோ பெரும்பாலும் ஓராண்டு பட்ஜெட்டில் வருகிறது.

அடுத்த சிக்கல் பொருத்தம். 155 மில்லிமீட்டர் என்பது பொதுத் தரம்தான். ஆனால் பீரங்கிக்குப் பீரங்கி உந்துமருந்துக் கட்டு, குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸ், குறிவைக்கும் கணினியின் அட்டவணை வேறுபடும். ஒரு நாட்டின் குண்டை இன்னொரு நாட்டின் பீரங்கியில் போடுமுன் சோதித்துச் சான்று வாங்க வேண்டும்.

எந்த நாடு எதை வைத்திருக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க நேட்டோவில் நான்காண்டுச் சுழற்சியில் ஒரு திட்டமிடல் நடைமுறை உண்டு. மொத்தத் தேவையைக் கணக்கிட்டு நாடுகளுக்குப் பங்கிடுவார்கள். அதில் ஒரு நல்ல விதி: தனக்கு ஒதுக்கிய இலக்கை ஒரு நாடு தனியாக நின்று தடுக்க முடியாது, மற்ற எல்லோரும் ஒப்பினால் அது நிலைக்கும். நிறைவேற்றாவிட்டால் தண்டனை இல்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஆளுக்கொன்று வாங்காமல் சேர்ந்து வாங்கினால் மிச்சம்தானே?

பதில்: சில பொருள்களுக்கு ஆம். ஹங்கேரியின் பாப்பா தளத்தில் மூன்று சி-17 சரக்கு விமானங்களை 12 நாடுகள் சேர்ந்து வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு எத்தனை பறக்கும் மணி வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. செலவும் அந்த விகிதத்தில். ஒரு சி-17 வாங்க வசதியில்லாத எஸ்டோனியாவுக்கும் இதனால் கனரக விமானம் கிடைக்கிறது. எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்கு நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவனில் இதே மாதிரி ஏற்பாடு.

இரண்டு இடத்தில் இது உடையும். நெருக்கடி வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் விமானம் தேவைப்படும்; மூன்று விமானம் மூன்றுதான். இன்னொன்று அரசியல். கூட்டுப் பணியாளர்களில் ஒரு நாடு போருக்கு உடன்படாவிட்டால் தன் ஆட்களை எடுத்துக்கொள்ளும். லிபியா விவகாரத்தில் ஜெர்மனி மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து ஏவாக்ஸ் என்னும் ரேடார் கண்காணிப்பு விமானங்களில் இருந்த தன் குழுவினரை விலக்கிக்கொண்டு, மற்றவர்களின் பளு குறைய ஆப்கானிஸ்தானில் ஏவாக்ஸ் பணிக்கு ஆள் தருவதாகச் சொன்னது.

கேள்வி: ஐரோப்பா கடன் வாங்கி ஆயுதம் வாங்கப்போகிறதாமே. யார் கட்டுவது?

பதில்: கடன் வாங்கும் நாடே. 2025-ல் ஐரோப்பிய யூனியன் சேஃப் என்ற பெயரில் 15,000 கோடி யூரோ வரை சந்தையில் திரட்டி, உறுப்பு நாடுகளுக்கு நீண்டகாலக் கடனாகத் தர முடிவு செய்தது. தனியாகப் போனால் கூடுதல் வட்டி கொடுக்க வேண்டிய நாடுகளுக்கு லாபம். ஜெர்மனி போன்ற நாட்டுக்குத் தேவையில்லை. அது 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஜிடிபியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவைக் கடன் வரம்பிலிருந்தே விடுவித்துக்கொண்டது.

சேஃப் கடனில் வாங்கும் பொருளின் மதிப்பில் வெளிநாட்டுப் பாகங்கள் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த வரம்புக்கு மேல் தன் தொழிற்சாலைகளுக்கு இடம் வேண்டுமென்றால் வெளிநாடு நுழைவுக் கட்டணம் தர வேண்டும். பிரிட்டனோடு நடந்த பேச்சு 2025 நவம்பரில் அந்தத் தொகையில் முறிந்தது. கனடா சில நாளில் உடன்பாட்டுக்கு வந்தது.